ஊருக்கு ஏதாவது செய்யணும்

வீட்டுக் கடன் பாதிக்கு மேல் அடைந்தாயிற்று. பிள்ளைகள் ஓரளவு வளர்ந்தாயிற்று. பதவிக்கு முன்னால் ‘சீனியர்’ என்று ஒட்டிக்கொண்டாயிற்று. இந்தக் கட்டத்துக்கு வந்தவர்கள் சென்னையில் இருந்தாலும் துபாயில் இருந்தாலும் ஒருநாள் சொல்லிவிடுகிறார்கள்: “நம்ம ஊருக்கு ஏதாவது செய்யணும்டா.” பொங்கல் விடுமுறையில் பழைய பள்ளிக்கூட வாசலில் நாலு பேர் சேர்ந்து நின்றால் போதும், அன்று இரவே வாட்ஸப் குழு பிறந்துவிடும். அட்மின் மட்டும் ஆறு பேர். பதினைந்து நாளில் ஒரு லட்சம் ரூபாய் சேர்ந்துவிடும்.

பணம் சேர்ப்பதில் நாம் சோடை போனதில்லை. கோயில் திருவிழாவுக்கு வீட்டு வரி வசூலித்துப் பழகிய ஊர்கள் நம்முடையவை. காமராஜர் முதல்வராக இருந்தபோது, கல்வித் துறை இயக்குநர் நெ.து. சுந்தரவடிவேலு முன்னின்று நடத்திய பள்ளிச் சீரமைப்பு மாநாடுகளில் ஊர்க்காரர்கள் பெஞ்சு, கரும்பலகை, நிலம் என்று வாரிக் கொடுத்தார்கள். மதிய உணவுத் திட்டமே தொடக்கத்தில் ஊரார் நன்கொடையை நம்பித்தான் கால் ஊன்றியது. ஆனால் அன்று கொடுத்தவர் அதே ஊரில் குடியிருந்தார். பெஞ்சின் கால் ஆடினால் மறுநாளே அவர் காதுக்கு வரும். ஆசாரியை அவரே கூட்டி வருவார். இன்று கொடுப்பவர் நானூறு கிலோமீட்டர் தள்ளி இருக்கிறார், வருடத்துக்கு மூன்று முறை ஊருக்கு வருகிறார், வந்தாலும் இரண்டு நாளில் திரும்புகிறார். நல்ல மனசோடு ஆரம்பித்த காரியங்கள் பாதியில் நிற்பதற்கு இந்தத் தூரம்தான் முதல் காரணம். ஊரில் இருப்பவர்களால் நடத்த முடிகிற காரியத்தில் மட்டும் கை வைப்பது என்று முதலிலேயே முடிவு செய்துகொண்டால் பாதித் தொல்லை தீர்ந்தது.

ஸ்டிக்கர் இருக்கிறது, தண்ணீர் இல்லை

ஒரு அரசுப் பள்ளி வராந்தாவில் நிற்கும் ஆர்.ஓ. மெஷினை எடுத்துக்கொள்வோம். இப்படி ஒன்றைப் பல ஊர்களில் பார்க்கலாம். ‘அன்பளிப்பு: முன்னாள் மாணவர்கள்’ என்ற ஸ்டிக்கர் பளிச்சென்று இருக்கிறது, குழாயில் தண்ணீர் வரவில்லை. என்ன ஆயிற்று? போர்வெல் தண்ணீரில் உப்பு அதிகம், மெம்பிரேன் சீக்கிரமே அடைத்துக்கொண்டது. அதற்கு முன்பே மாற்றியிருக்க வேண்டிய ஃபில்டரை யாரும் மாற்றவில்லை. சர்வீஸ் ஆள் டவுனிலிருந்து வர வேண்டும். அவருக்குக் கொடுக்கப் பள்ளிக் கணக்கில் தலைப்பு இல்லை. திறப்பு விழாவில் மாலை வாங்கிய தலைமை ஆசிரியர் அடுத்த கலந்தாய்வில் மாறுதலாகிப் போய்விட்டார். புதிதாக வந்தவருக்கு மெஷின் யார் கொடுத்தது, வாரன்டி அட்டை எங்கே என்பதெல்லாம் தெரியாது. கழிவுத் தண்ணீர் போக வழி வைக்காததால் வராந்தா ஓரம் பாசி பிடித்து, இரண்டு பிள்ளைகள் வழுக்கி விழுந்தார்கள். அவர் சுவிட்சை அணைத்துவிட்டார். அவர் இடத்தில் நீங்கள் இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பீர்கள்.

ஸ்மார்ட் கிளாஸ், கம்ப்யூட்டர் லேப், சிசிடிவி எல்லாவற்றுக்கும் இதே கதைதான். யுபிஎஸ் பேட்டரி செத்த அன்று திட்டமும் சாகிறது. ஆகவே ஒரு லட்சம் சேர்ந்தால் அறுபதாயிரத்துக்குப் பொருள் வாங்குங்கள்; நாற்பதாயிரத்தை அடுத்த மூன்று ஆண்டுப் பராமரிப்புக்கு ஒதுக்குங்கள். இது என் கணக்கு. கறாரான விதி இல்லை. ஆனால் பராமரிப்புக்குப் பைசா ஒதுக்காத நன்கொடையை வாங்கக் கூடாது என்று தலைமை ஆசிரியர்கள் தீர்மானம் போட்டால் நான் கை தூக்குவேன். வாங்கும்போதே ஆண்டுப் பராமரிப்பு ஒப்பந்தம் போட்டு, சர்வீஸ்காரரின் எண்ணையும் பில் நகலையும் பள்ளிப் பதிவேட்டில் ஒட்டச் சொல்லுங்கள். சாவி யாரிடம் இருக்கும் என்று கேளுங்கள். அற்பமான கேள்வியாகத் தெரியும். பூட்டிய அறைக்குள் துணி போர்த்திக் கிடக்கும் கம்ப்யூட்டர்களைப் பார்த்தவர்களுக்கு அதன் அருமை தெரியும்.

புதிதாக ஒன்றைக் கொடுப்பதைவிட, ஏற்கெனவே இருப்பதை ஓட வைப்பது பெரும்பாலும் மலிவு. கழிப்பறைக்குத் தண்ணீர் ஏற்றும் மோட்டார், சுத்தம் செய்பவருக்கு மாதம் கொஞ்சம் கூடுதல் கூலி, நூலகத்துக்கு நாளிதழ் சந்தா. இவற்றுக்கு ரிப்பன் வெட்ட முடியாது என்பதால்தான் யாரும் முன்வருவதில்லை.

யாரிடம் கேட்பது?

ஆபீஸில் ஒரு பிராஜெக்ட் என்றால் யார் ஒப்புதல் தர வேண்டும் என்று முதலில் பார்ப்பீர்கள். ஊருக்கு வந்ததும் அது மறந்துவிடுகிறது. “நம்ம ஊர்தானே, யாரைக் கேட்கணும்?” என்று ஜேசிபியோடு ஏரியில் இறங்குகிறோம். பிறகு வி.ஏ.ஓ. வருகிறார், அவர் பின்னால் போலீஸ் வருகிறது.

ஏரியென்றால் அதன் சொந்தக்காரர் யார் என்று முதலில் தெரிய வேண்டும். பொதுவாக ஆயக்கட்டு 40 ஹெக்டேருக்கு மேல் இருந்தால் நீர்வளத் துறையிடம் இருக்கும். அதற்குக் கீழே என்றால் ஊராட்சி ஒன்றியம். வண்டல் மண்ணை வயலுக்கு எடுத்துப் போக வட்டாட்சியர் அனுமதி வேண்டும். கரையில் காடாக மண்டிய சீமைக்கருவேலத்தை வெட்டுவதற்கும் முறை இருக்கிறது. அந்த மரத்தையும் ஏலத்தில் எடுப்பவர் உண்டு, அந்த ஏலக்காரருக்கு அரசியலும் உண்டு. அனுமதிக் கடிதம் கையில் இல்லாமல் ஒரு கூடை மண்ணைக்கூட அள்ளாதீர்கள். அள்ளிய மண் செங்கல் சூளைக்குப் போனதாக எவராவது ஒரு மனு எழுதிப் போட்டால், பிறகு நீங்கள் லீவ் போட்டுவிட்டுப் பதில் சொல்லிக்கொண்டிருக்க வேண்டும்.

பள்ளி என்றால் வழி சுலபம். 2009ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டப்படி ஒவ்வொரு அரசுப் பள்ளிக்கும் மேலாண்மைக் குழு உண்டு. அதில் முக்கால் பங்கு பெற்றோர், பாதிப் பேர் பெண்கள். தமிழகத்தில் 2024இல் இந்தக் குழுக்களை மாற்றி அமைத்தபோது முன்னாள் மாணவர்களுக்கும் இடம் கொடுத்தார்கள். அந்தக் குழுவின் தீர்மானம் இருந்தால், தலைமை ஆசிரியர் மாறினாலும் உங்கள் காரியம் காகிதத்தில் நிற்கும். 2022 டிசம்பரில் தொடங்கிய ‘நம்ம ஸ்கூல் நம்ம ஊரு பள்ளி’ இணையதளத்தில் பள்ளியைத் தேர்ந்தெடுத்து, அதன் தேவைகளைப் பார்த்துக் கொடுக்கலாம். உங்கள் ஊர்ப் பள்ளியின் தேவைப் பட்டியலில் சுற்றுச்சுவர் இருக்கும். நீங்கள் டேப்லெட் வாங்கித் தரலாம் என்று நினைத்துக்கொண்டிருப்பீர்கள். சுற்றுச்சுவரைக் கட்டுங்கள்.

பணம் கொஞ்சம் பெரிதாக இருந்தால் ‘நமக்கு நாமே’ திட்டத்தைக் கேட்டுப் பாருங்கள். 1997-98இல் தொடங்கி, இடையில் நின்று, 2021-22இல் மீண்டும் வந்தது. பொதுவாக மூன்றில் ஒரு பங்கு மக்கள் போட்டால் மீதியை அரசு போடும். இழுத்தடிக்கும், எஸ்டிமேட்டுக்கும் நிர்வாக அனுமதிக்கும் அலைய வேண்டியிருக்கும். ஆனாலும் உங்கள் ஒரு ரூபாய் மூன்று ரூபாயாகிறது. அதைவிட முக்கியம், கட்டியது அரசுச் சொத்தாகப் பதிவாவதால் பின்னால் பழுது பார்க்கச் சொல்லிக் கேட்க ஆள் இருக்கிறது.

பஞ்சாயத்துத் தலைவரைப் பார்த்தால் போதும் என்று நினைக்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை. 27 மாவட்டங்களில் 2019 டிசம்பர் தேர்தலில் வந்த பிரதிநிதிகளின் பதவிக்காலம் 2025 ஜனவரி 5ஆம் தேதியோடு முடிந்து, ஊராட்சிகள் தனி அலுவலர் கைக்குப் போயின. தலைவர் வருவார், போவார். தலைவரின் வாய்மொழியை நம்பி ஆரம்பித்தவர்கள் அன்று திகைத்துத்தான் போனார்கள்.

தயவுசெய்து ட்ரஸ்ட் ஆரம்பிக்காதீர்கள்

வாட்ஸப் குழுவில் மூன்றாம் வாரம் எவராவது கேட்பார்: “நம்ம பேர்ல ஒரு ட்ரஸ்ட் ரிஜிஸ்டர் பண்ணிடலாமா?” லெட்டர்ஹெட், லோகோ, ‘நிறுவனர்’ என்ற பட்டம் எல்லாம் கண்முன் வரும். அறக்கட்டளைப் பத்திரம் பதிவது ஒருநாள் வேலைதான். அதன்பின் பான் கார்டு, வங்கிக் கணக்கு, வருமான வரித் துறையில் 12ஏபி பதிவு, 80ஜி ஒப்புதல், ஆண்டுதோறும் ஆடிட்டர், ரிட்டர்ன், நன்கொடையாளர் விவரத் தாக்கல் என்று வரிசை கட்டும். சங்கமாகப் பதிந்தால் குறைந்தது ஏழு பேர் வேண்டும், ஆண்டுப் பொதுக்குழு கூட வேண்டும். இதையெல்லாம் செய்ய வாரக் கடைசியைத் தியாகம் செய்யும் ஒரே ஒரு அப்பாவி எல்லாக் குழுவிலும் இருப்பார். அவருக்கு வேலை மாற்றம் வந்த அன்று ட்ரஸ்ட் முடங்கும். நல்ல பெயரெடுத்த அமைப்பு ஒன்று உங்கள் மாவட்டத்தில் ஏற்கெனவே இருக்கும். அதைக் கண்டுபிடித்து அதன் வழியாகச் செய்யுங்கள்.

வரிச் சலுகையை எதிர்பார்ப்பவர்கள் கவனிக்க: 80ஜி கழிவு பழைய வரி முறையில்தான். இரண்டாயிரம் ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தால் கழிவு இல்லை. பொருளாக வாங்கிக் கொடுத்தாலும் இல்லை. நண்பர் ஒருவரின் சொந்த ஜிபே எண்ணுக்கு எல்லோரும் அனுப்பிவிட்டு, பிறகு ரசீது கேட்பது நியாயமில்லை. அந்த நண்பரின் கணக்கில் திடீரென்று சில லட்சங்கள் வந்து போனால் விளக்கம் சொல்ல வேண்டியவரும் அவர்தான்.

வெளிநாட்டுப் பணத்தில் இன்னும் கறாராக இருங்கள். இந்தியப் பாஸ்போர்ட் வைத்திருக்கும் துபாய்க்காரர், தன் சொந்தச் சேமிப்பிலிருந்து வங்கி வழியாக அனுப்புவது வெளிநாட்டு நன்கொடை ஆகாது. அதே வகுப்பில் படித்து அமெரிக்கக் குடியுரிமை வாங்கிவிட்டவர் அனுப்பினால் ஆகும்; ஓசிஐ அட்டை வைத்திருந்தாலும் ஆகும். வெளிநாட்டுப் பங்களிப்புச் சட்டப் பதிவு இல்லாத அமைப்பு அதை வாங்கினால் குற்றம். அந்தப் பதிவு வாங்க, அமைப்புக்கு மூன்று வயதாகியிருக்க வேண்டும், அந்த மூன்று ஆண்டில் 15 லட்சம் ரூபாய் செலவு காட்டியிருக்க வேண்டும்; பணமும் டெல்லியில் உள்ள ஸ்டேட் பேங்க் முதன்மைக் கிளைக் கணக்குக்குத்தான் வர முடியும். குழுவில் பணம் சேர்க்கும் முன்பே யார் எந்த நாட்டுக் குடிமகன் என்று கேட்டுவிடுவது நல்லது. சங்கடமான கேள்விதான், பின்னால் வரும் நோட்டீஸ் இதைவிடச் சங்கடம்.

ஊர் என்றால் யார் யார்?

இதை எழுதாமல் தாண்டிப் போகலாம். ஆனால் பல முயற்சிகள் உடைவது இங்கேதான். ஊர் ஒன்றாக இருப்பதில்லை. மேலத்தெரு, கீழத்தெரு, காலனி என்று பிரிந்திருக்கிறது. சுடுகாட்டுப் பாதைகூடத் தனித்தனி. நீங்கள் கட்டித் தரும் நூலகம் எந்தத் தெருவில் வருகிறதோ அந்தத் தெருப் பிள்ளைகள்தான் உள்ளே வருவார்கள். “இடம் நாங்க தர்றோம் தம்பி” என்று முதலில் முன்வரும் பெரியவர், அந்த இடத்தோடு சேர்த்துத் தன் தெருவின் நிபந்தனையையும் தருகிறார். பொது இடம், பள்ளி வளாகம், பஸ் நிறுத்தம் பக்கம் என்று எல்லோரும் கூச்சமில்லாமல் வந்து போகும் இடம் கிடைக்காவிட்டால் அந்தக் கட்டடத்தைக் கட்டாமல் இருப்பதே மேல். குழுவில் காலனியிலிருந்து படித்து வெளியேறியவர்கள் இருக்கிறார்களா, அவர்கள் பேசுகிறார்களா, பணம் மட்டும் போட்டுவிட்டு அமைதியாக இருக்கிறார்களா என்றும் பாருங்கள்.

கும்பாபிஷேகத்துக்குப் பத்து லட்சம் கேட்டு வந்தவர்கள், பள்ளிக் கழிப்பறை என்றதும் பேச்சை மாற்றுவார்கள். சண்டை போட வேண்டாம். கோயிலுக்கு உங்களால் முடிந்ததைக் கொடுத்துவிட்டு, கழிப்பறைப் பணத்தைத் தனியாக வைத்துக்கொள்ளுங்கள். கல்வெட்டில் யார் பெயர் முதலில், மேடையில் யாருக்கு நாற்காலி, சால்வையை யார் போடுவது என்பதெல்லாம் கட்டடத்தைவிட அதிக நேரம் எடுக்கும் விவகாரங்கள். பெயரே வேண்டாம், ‘ஊர்ப் பொதுமக்கள்’ என்று போட்டுவிடுங்கள். விழாவும் வேண்டாம், மிச்சமாகும் பந்தல் செலவில் இரண்டு மின்விசிறி வாங்கலாம்.

கல்யாணமாகிப் போன பெண்களுக்கு இதில் இன்னொரு தொல்லை. பிறந்த ஊருக்குச் செய்தால் “புகுந்த வீட்டுப் பணத்தை இங்கே கொண்டு வருகிறாள்” என்பார்கள், புகுந்த ஊருக்குச் செய்தால் “உங்க வீட்டுக்காரர் வரலையாம்மா?” என்று கேட்டுவிட்டுத்தான் கூட்டத்தை ஆரம்பிப்பார்கள். ஆனால் பத்தாம் வகுப்போடு பெண்ணை நிறுத்தப் பார்க்கும் ஒரு தாயிடம், அதே ஊரில் பிறந்து வேலைக்குப் போகும் ஒரு பெண் அரை மணி நேரம் உட்கார்ந்து பேசினால் நடப்பது, நாம் கொடுக்கும் எந்தக் காசோலைக்கும் நடப்பதில்லை.

“ஒரு வார்த்தை சொல்லேன்”

எல்லாவற்றையும்விட அதிகமாக ஊர் உங்களிடம் கேட்கப்போவது பணம் இல்லை, வேலை.

“தம்பி, நல்லா இருக்கியா? நம்ம பெரியப்பா பேரன் பி.இ. முடிச்சுட்டு ரெண்டு வருசமா சும்மா இருக்கான். உன் கம்பெனியில ஒரு வார்த்தை சொல்லேன்.”

“ரெஸ்யூம் அனுப்பச் சொல்லுங்க சித்தப்பா, பார்க்கிறேன்.”

இதோடு முடிந்தது என்று நீங்கள் அடுத்த மீட்டிங்குக்குப் போய்விடுவீர்கள். சித்தப்பா அங்கே நாலு பேரிடம் சொல்லிவிட்டார். ஆறு மாதம் கழித்து ஒரு கல்யாண வீட்டில் அவர் முகத்தைத் திருப்பிக்கொள்ளும்போது உங்களுக்குக் காரணமே புரியாது. முதல் போனிலேயே சொல்லிவிடுங்கள்: “வேலை போட்டுக் கொடுக்கிற இடத்துல நான் இல்ல சித்தப்பா. ரெஸ்யூமைத் திருத்தித் தர்றேன், இன்டர்வியூவுக்குத் தயார் பண்றேன், காலி இடம் இருந்தா ரெஃபர் பண்றேன். எடுக்கிறதும் எடுக்காததும் அவங்க கையில.” சொன்னபடி ஒரு வாரத்துக்குள் அந்தப் பையனோடு பேசிவிடுங்கள்.

பேசும்போது தெரியும் அவனுடைய பிரச்சினை. ரெஸ்யூமில் அப்பா பெயர், பிறந்த தேதி, மதம், பொழுதுபோக்கு எல்லாம் இருக்கும். செய்த பிராஜெக்ட் மட்டும் ஒரு வரியில் இருக்கும். ஆங்கிலத்தில் தன்னைப் பற்றிச் சொல்லச் சொன்னால் மனப்பாடம் செய்ததை ஒப்பிப்பான். தமிழில் கேட்டால் அதே பிராஜெக்ட்டை அழகாக விளக்குவான். பட்டதாரி, டிப்ளமோ படித்தவர்களுக்கு உதவித்தொகையோடு பயிற்சி தரும் தேசிய அப்ரன்டிஸ் இணையதளத்தை அவன் கேள்விப்பட்டிருக்க மாட்டான். வேலைக்கு முன்பணம் கேட்கும் ஏஜென்ட்டைக் கேள்விப்பட்டிருப்பான். பல வீடுகளில் கம்மல் அடகுக்குப் போவது அப்படித்தான். ‘வேலைக்குக் காசு கேட்டால் அது வேலை இல்லை’ என்று ஊர் முழுக்கச் சொல்லி வையுங்கள். உங்கள் பெயரைச் சொல்லியே எவராவது காசு வாங்கக்கூடும் என்பதையும் மறக்க வேண்டாம்.

தெரியாத ஒருவரை ‘எனக்கு நன்றாகத் தெரியும்’ என்று ரெஃபர் செய்யாதீர்கள். ஒருமுறை சொதப்பினால், அடுத்து வரும் நல்ல பையனுக்கு உங்கள் சொல் எடுபடாது. சனிக்கிழமை காலை ஒரு மணி நேரம், ஐந்து பேர், வீடியோ காலில் பயிற்சி. உங்கள் தொழிலே உங்களுக்குக் கைவந்த சரக்கு. அதைத் தூரத்திலிருந்தும் கொடுக்கலாம், பேட்டரி மாற்ற வேண்டியதில்லை.

உதவித்தொகை கொடுப்பவர்களும் அரசு என்ன தருகிறது என்று முதலில் பார்த்துக்கொள்ளுங்கள். அரசுப் பள்ளியில் படித்துக் கல்லூரிக்குப் போகும் பெண்களுக்கு 2022 முதல் ‘புதுமைப் பெண்’ திட்டத்தில் மாதம் ஆயிரம் ரூபாய். பையன்களுக்கு 2024 ஆகஸ்டிலிருந்து ‘தமிழ்ப் புதல்வன்’. 7.5 சதவீத ஒதுக்கீட்டில் மருத்துவமோ பொறியியலோ சேர்ந்தால் கல்விக் கட்டணம் அரசுடையது. இதற்கு மேல் இன்னொரு ஆயிரம் தருவதைவிட, இந்தத் திட்டங்கள் எட்டாத இடத்தைத் தேடுங்கள்: உதவித்தொகை வந்து சேரும் வரையிலான முதல் இரண்டு மாதம், ஹாஸ்டல் அட்வான்ஸ், சாதிச் சான்றிதழுக்கும் வருமானச் சான்றிதழுக்கும் அலையும் செலவு, அரியர் பேப்பருக்கான தேர்வுக் கட்டணம். படிப்பை விடுகிறவர்களில் பலர் இந்த மாதிரிச் சில்லறைத் தொகையில்தான் தடுக்கி விழுகிறார்கள். காசோலை வாங்கும் பிள்ளையின் படத்தை மட்டும் ஸ்டேட்டஸில் போடாதீர்கள். அந்த ஊரில்தான் அவள் நாளைக்கும் நடமாட வேண்டும்.

ஆபீஸ் பக்கம்

வேலை ஒப்பந்தத்தை ஒருமுறை எடுத்துப் படியுங்கள். வெளி அமைப்பில் அறங்காவலராகவோ இயக்குநராகவோ இருக்க முன் அனுமதி கேட்கும் நிறுவனங்கள் நிறைய. மத்திய அரசு ஊழியர்கள் 1964ஆம் ஆண்டு நடத்தை விதிகளின்படி, சம்பளம் வாங்காமல் சமூகப் பணி செய்யலாம்; ஆனால் நன்கொடை வசூலிக்க முன் அனுமதி வேண்டும். வாட்ஸப்பில் வசூலித்தாலும் வசூல்தான்.

“உங்க கம்பெனி சிஎஸ்ஆர் பணத்தை நம்ம ஊருக்குத் திருப்பி விடுங்க” என்ற கோரிக்கை நிச்சயம் வரும். 2013 கம்பெனிச் சட்டம் 135ஆம் பிரிவில், குறிப்பிட்ட அளவுக்கு மேல் லாபமோ விற்பனையோ சொத்து மதிப்போ உள்ள நிறுவனங்கள் மூன்றாண்டுச் சராசரி லாபத்தில் இரண்டு சதவீதம் செலவிட வேண்டும் என்று இருக்கிறது. அதை முடிவு செய்வது நிறுவனத்தின் குழு. பணம் வாங்கும் அமைப்பு சிஎஸ்ஆர்-1 படிவத்தில் பதிவு செய்திருக்க வேண்டும். நீங்கள் அறங்காவலராக இருக்கும் அமைப்புக்கு நீங்களே சிபாரிசு செய்தால், விஷயத்தை எழுத்தில் தெரிவித்துவிட்டு அந்தக் கோப்பிலிருந்து விலகி நில்லுங்கள். பத்து வருடம் சம்பாதித்த பெயர் ஒரு ஆடிட் கேள்வியில் போய்விடக்கூடும்.

எங்கிருந்து ஆரம்பிப்பது என்று கேட்டால், கிராம சபையிலிருந்து. ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என்று ஆண்டுக்கு ஆறு நாள் கூடுகிறது; அவற்றில் நான்கு எப்படியும் விடுமுறை நாட்கள். பின் வரிசையில் உட்கார்ந்து, தண்ணீருக்கும் தெருவிளக்குக்கும் நூறுநாள் வேலைச் சம்பளத்துக்கும் யார் என்ன கேட்கிறார்கள் என்று கேளுங்கள். தீர்மானப் புத்தகத்தில் எது ஏறுகிறது, எது ஏறாமல் போகிறது என்று பாருங்கள். முதல் தடவை எதற்கும் வாக்குக் கொடுக்காமல் திரும்பி வாருங்கள்.